வேலைக் குழுவை நடத்துகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கேத்தி பள்ளத்தாக்கின் கேரட் தோட்டங்களிலிருந்து

உதகைக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது கேத்தி பள்ளத்தாக்கு. இங்கே 12 வருடமாகக் கேரட் அறுவடைக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். அதற்கு முன்னால் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். இப்போது குழுவில் 19 பேர். பிடுங்குவது, தழை அறுப்பது, மிஷினில் கழுவுவது, தரம் பிரிப்பது, மூட்டை பிடித்து வண்டியில் ஏற்றுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. அங்கிருந்து சரக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்.

புதிதாக மேஸ்திரி ஆனவர்கள், மகளிர் குழு நடத்துகிற பெண்கள், காட்டேஜில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

நேற்று வரை எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்தேன். இன்று என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். முதல் நாள் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். கூலி எவ்வளவு, எந்தக் கிழமை கைக்கு வரும், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, டீக்கு எப்போது உட்காரலாம். இதை எல்லோரும் ஒன்றாக நிற்கும்போது ஒரே தடவை சொல்லிவிடுங்கள். தனித்தனியாகச் சொன்னால் ஆளுக்கொரு கணக்காகக் காதில் விழும், அப்புறம் சனிக்கிழமை சண்டைதான்.

நேற்று வரை உங்களை 'வாடி' என்று கூப்பிட்ட தோழி இன்று 'அக்கா' என்று கூப்பிட வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள். அது அவளாக மாற்றினால் மாறட்டும்.

முதல் வாரம் தினமும் இரண்டு பேர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு முழங்கால் வலி. குனிந்து பிடுங்கினால் பத்து நிமிடத்தில் முகம் சுருங்கிவிடும். ஆனால் தரம் பிரிக்க உட்கார்ந்தால் அவர் கைக்கு ஈடு கிடையாது. பிளந்தது, வளைந்தது, தலை பச்சையானது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

யாருக்கு எந்தப் பாத்தி என்பதில் தினமும் தகராறு. எப்படிப் பிரிப்பது?

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மூட்டைக் கணக்கில் கூலி கொடுக்கிற நாளில் பாத்திதான் வருமானம். மேல் மட்டத்தில் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், கேரட் பாதியில் ஒடியும். ஓடை ஓரத்துப் பாத்தியில் மண் பொலபொலவென்று இருக்கும், தழையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் கொத்தாக வந்துவிடும். மேல் பாத்தி கிடைத்தவருக்கு அன்றைக்கு இரண்டு மூட்டை குறையும். மேஸ்திரி தன் கையால் பாத்தி பிரித்துக் கொடுத்தால், எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும், 'அவளுக்கு வேண்டியவளுக்கு ஓடை ஓரம்' என்ற பேச்சு வரும்.

நாங்கள் செய்வது இதுதான். பாத்திக்கு ஒரு குச்சி. முதல் பாத்திக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு வெட்டு என்று கத்தியால் கீறி ஒரு சாக்குக்குள் போடுவோம். கண்ணால் பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். மிஞ்சுகிற கடைசிக் குச்சி எனக்கு. நானும் பிடுங்குகிறேன் என்பதால் எனக்கும் ஒரு பாத்தி உண்டு. குச்சி வந்த பிறகு பாத்திக்காகச் சத்தம் வந்ததே இல்லை. அதிர்ஷ்டம் கெட்ட நாளில் மனிதர்கள் வானத்தைத் திட்டுவார்கள், பக்கத்து ஆளைத் திட்ட மாட்டார்கள்.

தேயிலையில் நிரை பிடிக்கும்போதும் இதே பிரச்சினைதான். கவாத்து வெட்டி நன்றாகத் துளிர்த்த நிரையும் இருக்கும், செடி செத்துப் பள்ளம் விழுந்த நிரையும் இருக்கும். நான் வேலை செய்த தோட்டத்தில் நிரைகளைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிவிடுவார்கள். அதுவும் நல்ல வழிதான்.

குச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆறு மாதக் கர்ப்பிணிக்கு மேட்டுப் பாத்தி வந்துவிட்டது. நான் ரகசியமாக மாற்றியிருந்தால் குச்சிக்கே மதிப்பு போயிருக்கும். எல்லோர் முன்னாலும் "யார் மாற்றிக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு தம்பி குச்சியை நீட்டினான்.

ஒருவர் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேலையை ஏய்க்கிறார். என்ன செய்வது?

இது மனிதர்களின் பழைய குணம். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார், முடிவுகள் 1913இல் அச்சில் வந்தன. ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தை முழுதாக வைத்துக்கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதி பலம்தான் கயிற்றில் விழுந்ததாம். ஒரு பங்கு, ஒரே நேரத்தில் இழுக்காததால் வீணாகிறது. இன்னொரு பங்கு, 'நான் விட்டாலும் தெரியாது' என்ற நினைப்பால் போகிறது. பிற்பாடு அமெரிக்காவில் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் சோதித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்வு காணாமல் போய்விடுகிறது.

கொழுந்தை ஆளுக்கு ஆள் தனியாக நிறுப்பது அதனால்தான். கேரட்டில் எல்லாம் ஒரே குவியலாகப் போய்விடும். எனவே ஆளுக்கு ஒரு நிறத்தில் துணி கொடுத்திருக்கிறேன். பழைய சேலையைக் கிழித்ததுதான். நிரம்பிய மூட்டையின் கழுத்தில் தன் துணியைக் கட்ட வேண்டும். யாரையும் கண்காணிக்கத் தேவையில்லை, மதியம் திரும்பிப் பார்த்தால் நிறங்களே சொல்லிவிடும்.

ஆனால் ஒன்று. மூட்டை குறைந்தவரிடம் போய் "ஏன் குறைச்சல்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "உடம்புக்கு என்ன?" என்று ஆரம்பியுங்கள். நான் ஏய்ப்பு என்று நினைத்ததில் பாதிக்கு மேல் காய்ச்சல், தூக்கமில்லாத குழந்தை, வீட்டில் குடிக்கிற புருஷன் என்றுதான் முடிந்திருக்கிறது. அதெல்லாம் இல்லை, உண்மையிலேயே ஏய்ப்புத்தான் என்றால் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்றாவது தடவை வேலைக்குக் கூப்பிடாதீர்கள். மற்ற 18 பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏதாவது கெட்டுப்போனால் எனக்குக் கடைசியில்தான் தெரிகிறது. யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்னைப் பொறுத்தவரை மேஸ்திரியின் வேலையில் முக்கால் பங்கு, கெட்ட சேதி தன் காதுக்குச் சீக்கிரம் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வதுதான்.

நான் இதைக் கற்ற விதம் நல்ல விதம் அல்ல. மேஸ்திரி ஆகி இரண்டாவது வருடம். கழுவும் மிஷினில் நின்ற பையன், "அக்கா, டிரம் ஒரு பக்கம் கரகரன்னு சத்தம் போடுது" என்றான். வண்டி காத்துக்கொண்டிருந்தது. "வேலை செய்ய மனசில்லன்னா சத்தம்தான் கேக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் வாய் மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் மூட்டையைப் பிரித்துப் பார்த்த மண்டிக்காரர் போன் செய்தார். கேரட்டின் தோல் நீளநீளமாக உரிந்து, கீறல் எல்லாம் கறுத்துப்போயிருந்தது. டிரம்மின் உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று நாளும் அந்தப் பையன் அதைப் பார்த்திருக்கிறான். "சொன்னா திட்டுவீங்க" என்றான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அத்தனை சரக்கு அடிமாட்டு விலைக்குப் போனது என் ஒரு வாக்கியத்தால்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல வார்டுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் பிழையைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் அவர் கண்டுபிடித்த விளக்கம். இதைப் படித்தபோது எனக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வந்தது.

நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் பாதையே தெரியாது. முன் பெட்டியின் முகப்பில் நிற்கிற பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தடுத்த பெட்டிகளில் இருப்பவர்கள் அதைப் பின்னால் கடத்துகிறார்கள். சிவப்புக் கொடியைக் கண்டதும் டிரைவர் முதலில் நிறுத்துகிறார், காரணம் எல்லாம் அப்புறம்தான். கொடி காட்டியவனைத் திட்டுகிற டிரைவர் எவ்வளவு தூரம் போவார்?

இப்போது யார் கெட்ட சேதி கொண்டுவந்தாலும் என் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "சொன்னது நல்லதாப் போச்சு". உள்ளே எரிச்சல் இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன். அடுத்தது "எங்க, காட்டு". போய் நேரில் பார்க்கிறேன். ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தாலும் சொன்னவரைப் பார்த்து யாரையும் சிரிக்க விடுவதில்லை. இப்படிப் பத்து நாள் நடந்தாலே போதும், பதினோராம் நாளிலிருந்து சேதி தானாக வரும்.

அப்படியானால் திட்டவே கூடாதா?

வேலையைத் திட்டலாம். ஆளை, அவர் வீட்டை, சாதியை, ஊரை இழுக்கக் கூடாது. கூட்டத்தில் பாராட்டுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள். கோபத்தில் வாய் தவறிவிட்டால் அன்றைக்கே, திட்டிய அதே கூட்டத்தின் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் பையனிடம் நான் அப்படித்தான் கேட்டேன். மதிப்பு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இப்போது மிஷின் முழுக்க அவன் பொறுப்பில்தான் இருக்கிறது.

குழுவில் என் நாத்தனாரும் சித்தி மகனும் இருக்கிறார்கள். சொந்தத்தை வைத்து வேலை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கூலிக் கணக்கும் குச்சியும் அவர்களுக்கும் ஒன்றுதான் என்பதை முதலில் அவர்களிடம், வீட்டில் வைத்துச் சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் வைத்துச் சொன்னால் அது அவமானம் ஆகிவிடும். என் அனுபவத்தில் சொந்தக்காரர்கள் குழுவைக் கெடுப்பதில்லை. அவர்களுக்கு மட்டும் நாம் கண்ணை மூடிக்கொள்வதுதான் கெடுக்கிறது.

ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி என்பதுதான் இங்கே வழக்கம். மாற்றினால் ஆண்கள் போய்விட மாட்டார்களா?

ஒரே வேலைக்கு ஆண், பெண் பார்த்துக் கூலி வைக்கக் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், பக்கத்துப் பாத்தியில் அதே வேலையை அதே வேகத்தில் செய்கிறவளுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அவள் மனசு வைத்து வேலை செய்யவில்லை என்று எப்படிக் குறைப்படுவது?

நாங்கள் வேலைக்குத்தான் கூலி வைத்திருக்கிறோம், ஆளுக்கு வைக்கவில்லை. பிடுங்க ஒன்று, மூட்டை ஏற்ற ஒன்று. ஏற்றுவதற்குக் கூடுதல். எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் ஏற்றுகிறார்கள், அவர்களுக்கும் ஏற்றுக்கூலிதான். மாற்றிய மாதம் மூன்று ஆண்கள் போனார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், உள்ளூர்த் தமிழர்கள், படுகர் என்று கலந்த குழு. பாஷை புரியவில்லை, தனித்தனியாக உட்காருகிறார்கள்.

நீலகிரி எப்போதும் ஒரே பாஷை பேசிய மலை அல்ல. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எனப் பலரும் அவரவர் பேச்சோடு இங்கே வாழ்கிறார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் வந்தார்கள். என் அம்மா வீடும் அப்படி வந்ததுதான். ராமேஸ்வரத்தில் இறங்கி மலையேறியபோது 'இவங்க யாரு' என்று பார்த்த பார்வையை அம்மா கடைசி வரை மறக்கவில்லை. அதனால் ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஒதுங்கி உட்காருவதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

முதலில் ஆபத்து வார்த்தைகள். நிறுத்து, விலகு, மேலே பார், மிருகம், தண்ணீர். இந்த ஐந்தும் எல்லோருக்கும் எல்லாப் பாஷையிலும் தெரிய வேண்டும். ஒரு வாரம் டீ நேரத்தில் விளையாட்டுப் போலக் கேட்டுக்கேட்டுப் படிந்துவிட்டது. இரண்டாவது, ஒரே டீ கேத்தல். தனித்தனியாக டீ போட ஆரம்பித்தால் அங்கேயே குழு இரண்டாகிவிடும். மூன்றாவது, ஜோடி. மூட்டை தூக்க இரண்டு பேர் வேண்டும், ஒரே ஊர்க்காரர்களை ஜோடி போடாமல் கலந்து போடுகிறேன். எடை தூக்கும்போது "ஒண்ணு, ரெண்டு" என்றாவது பேசித்தானே ஆக வேண்டும்.

புதுக் குழு. முதல் வாரம் நன்றாக இருந்தது, இப்போது தினம் ஒரு முணுமுணுப்பு. குழு உடையப் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965இலேயே இதை எழுதியிருக்கிறார். குழுக்கள் முதலில் மரியாதையாகப் பழகும், அப்புறம் முட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு தங்களுக்குள் ஒரு வழக்கம் வகுத்துக்கொண்டு வேலையில் இறங்கும். முட்டல் வரும்போது பயந்து ஆளை மாற்றிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதம் பொறுங்கள்.

இரண்டு பேர் பேசிக்கொள்வதே இல்லை. சமாதானம் செய்து வைக்கட்டுமா?

வேலை நடந்தால் விட்டுவிடுங்கள். எல்லோரும் சிநேகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. சாமான் கைமாற்றுகிற அளவுக்குப் பேசினால் போதும்.

விடியுமுன் தோட்டத்தில் இறங்கச் சொல்கிறார்கள். ஆட்கள் பயப்படுகிறார்கள்.

பயப்படத்தான் வேண்டும். கரடியும் காட்டுமாடும் சிறுத்தையும் நடமாடுகிற இடம் இது. வெளிச்சம் வராமல் இறங்குவதில்லை என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் வேறு குழுவைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம். நேற்றுச் சேர்ந்த பெண்ணும் "நிறுத்து" என்றால் எல்லோரும் நிமிர வேண்டும். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். 2009 நவம்பரில் இந்த மலையில் ஏற்பட்ட மண்சரிவில் 40 பேருக்கு மேல் உயிர் போனது, அதில் கேத்தியும் அடிபட்டது. போன வருடம் ஒரு பாட்டி, "மேட்டு ஓரம் தண்ணி கலங்கி வருது, எனக்குப் பிடிக்கல" என்றார். பாதி மூட்டையோடு ஏறிவிட்டோம். மேடு சரியவில்லை. மறுநாள் ஒருத்தரும் பாட்டியைக் கேலி செய்யவில்லை, கேலி செய்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. உறைபனிக் காலத்தில் குளிருக்கு அடுப்புக்கரியை மூடிய அறைக்குள் வைத்துப் படுக்க விடாதீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் புகையில்லா நஞ்சு தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

முன்பணம் கொடுக்கலாமா?

கொடுத்தால் எழுதுங்கள், எல்லோர் கண் முன்னாலும் எழுதுங்கள். என்னிடம் இருப்பது ஒரே நோட்டு. அதில் மூட்டை, கூலி, முன்பணம், தோட்டக்காரர் எனக்குத் தருகிற மேஸ்திரிக்காசு எல்லாம் உண்டு. டீ நேரத்தில் அது சாக்கின் மேல் திறந்து கிடக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் நம்புகிற யாராவது படித்துச் சொல்வார்கள். அது நானாக இருக்கக் கூடாது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது பாவம், குற்றமும் கூட.

டிசம்பர், ஜனவரியில் ஆளே கிடைப்பதில்லை.

கிறிஸ்துமஸ், ஹெத்தையம்மன் திருவிழா, பொங்கல் எல்லாம் சில வாரங்களுக்குள் வந்துவிடும். கேரட் விதைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று மாதம், கொஞ்சம் முன்பின். அதனால் அறுவடைத் தேதி முன்கூட்டியே தெரியும். அக்டோபரிலேயே யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று கேட்டு நோட்டில் குறித்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்குச் சர்ஹுல் வரும், அதையும் கேட்டுக் குறியுங்கள். அதுவும் பண்டிகைதான்.

குழுவில் ஒருவன் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான். வெளியே தெரிந்தால் குழுவுக்குக் கெட்ட பெயர். பேசி முடித்துவிடலாமா?

முடியாது. அவளைத் தனியாக உட்காரவைத்து முழுதாகக் கேளுங்கள். அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்துங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181. போவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும், போகிறாள் என்றால் நீங்கள் கூடப் போங்கள். அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஒரு நாள் நான் வராவிட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது. இது நல்ல அறிகுறிதானே?

இல்லை. நோட்டு எழுத இன்னொருவருக்குத் தெரியட்டும், மண்டி போன் நம்பர் மூன்று பேரிடம் இருக்கட்டும், தோட்டக்காரரோடு பேரம் பேசும்போது யாரையாவது பக்கத்தில் நிற்க வையுங்கள். வாரம் ஒரு நாள் வேண்டுமென்றே வேறு ஒருவரை மேஸ்திரியாக வைத்துப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

போன ஜூலையில் மழைக்காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் முழங்கால் வலிக்கார அக்கா நோட்டோடு வீட்டுக்கு வந்தார். கூலி எல்லாம் சரியாக எழுதியிருந்தது. கீழே வேறொரு கையெழுத்தில், 'மிஷின் பெல்ட் தேஞ்சிருக்கு, நாளைக்கு மாத்தணும், தோட்டக்காரர்கிட்ட சொல்லியாச்சு' என்று ஒரு வரி. அந்தப் பையன் எழுதியது.